ஊர் சுற்றப் போன லட்சணம்

கல்யாணமான புதிதில் ஊரில் எல்லாரும் ஊட்டிக்குப் போனார்கள். அன்பரசு தன் பெண்டாட்டி ரேகாவை மங்கலம்பேட்டைக்குக் கூட்டிப் போனான்.

"ஊட்டில என்னா இருக்குது, ஜாஸ்தி கூட்டந்தான். நம்ம பக்கமே யாரும் பாக்காத எடம் எவ்ளோ இருக்குது தெரியுமா?"

ரேகாவுக்கு எந்த ஊராயிருந்தாலும் சரி. அவனைத் தனியாகப் பிடித்தால் போதும். கடலூர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் பார்க்கிற டீச்சர் வேலையை விடச் சொல்லி மாமியார் தில்லையம்மாள் சாடைமாடையாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அன்பரசு துபாய்க்குக் கிளம்புகிறான். அதற்குள் அவன் வாயால், வேலைக்குப் போ என்று ஒரு வார்த்தை வாங்கியாக வேண்டும். எப்போதும் பத்துப் பேர் நடமாடுகிற வீட்டில் அதை எங்கே பேசுவது?

மங்கலம்பேட்டையில் பைக்கை நிறுத்தி இறங்குவதற்குள் அவனுடைய அத்தை ஞானாம்பாள் எதிரே வந்து நின்றாள். "புதுப் பொண்ணும் மாப்ளயும் ஊருக்குள்ள வந்துட்டு, கை நனைக்காம போனா நல்லாவா இருக்கும்?"

கறிச்சோறு தின்று எழுந்தால், அடுத்த தெருவில் அத்தையின் மச்சினர் வீடு. இங்கே சாப்பிட்டு அங்கே சாப்பிடாமல் போனால் அது ஆயுசுக்கும் தீராத சண்டை. இரண்டாவது இலையிலும் உட்கார்ந்தார்கள். ஊரையும் பார்க்கவில்லை, பேச்சும் நடக்கவில்லை.

மறுநாள் கிள்ளை. அங்கே சிங்காரம் மாமா வாசலிலேயே காத்திருந்தார். நண்டுக் குழம்பு, இறால் வறுவல். ரேகா எத்தனை கை சோறு எடுத்து வாயில் வைக்கிறாள் என்று வீடே சுற்றி நின்று பார்த்தது. இது என்ன ஊர் சுற்றுகிற லட்சணமா, பந்தி பந்தியாகப் போய் உட்காருகிற லட்சணமா! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் ஏறியதும்தான் மூச்சு வந்தது. தண்ணீருக்கு நடுவில் எந்த அத்தை வந்து இலை போடப் போகிறாள்?

படகுக்காரன் காத்தவராயனும் சொந்தக்காரன்தான்; பலகைக்கு அடியிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்தான். "எங்க வூட்ல குடுத்தனுப்புனா மச்சான். மீன் கொழம்பு. நீ காலைல போன் பண்ணதுமே அடுப்பு பத்த வெச்சிட்டா."

"இவரா போன் பண்ணாரு?" என்றாள் ரேகா.

"ஆமாம்மா. அத்தைக்கும் சிங்காரம் மாமாவுக்கும் மச்சான் முந்தாநேத்தே சொல்லிடுச்சே."

அன்பரசு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக உறவுக்காரர்களை மனதுக்குள் திட்டித் தீர்த்தவளுக்கு, அத்தனை பேருக்கும் சொல்லிவைத்தவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அப்போதுதான் உறைத்தது.

"ஏங்க? என்னோட தனியா இருக்க அவ்ளோ பயமா?"

"தனியா இருந்தா நீ வேலையப் பத்திக் கேப்ப," என்றான் மெதுவாக. "கல்யாணத்துக்கு முன்னாடியே அம்மாகிட்ட சரின்னு சொல்லிட்டன் ரேகா. நீ வுட்டுடுவன்னு."

காத்தவராயன் துடுப்பை நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீங்க திரும்பாதீங்கண்ணே. நல்லாக் கேட்டுக்கங்க, இது சாயங்காலத்துக்குள்ள எங்க மாமியார் காதுக்குப் போயிடணும்," என்றாள் ரேகா. "சரின்னு சொன்னது இவரு. நான் சொல்லல. திங்கக்கெழம நான் பள்ளிக்கூடம் போறேன்."