இரும்பு படாத வலை

என் அத்தான் கனகசிங்கத்தின் வாயில் எல்லாப் பல்லும் இருக்கிறது. ஒன்றுகூட ஆடவில்லை. ஏன் ஆடும்? அந்த மனுசன் தன் வாழ்நாளில் ஒரு நூலை வாயில் வைத்ததில்லை. கடிக்கிறதெல்லாம் என் அக்கா.

குருக்கள்மடத்தில் வாவிக்கரைப் பக்கம் அவர்கள் வீடு. அவர் வலை போடுவார். அக்கா கேதீஸ்வரி கிழிந்த வலையைக் கட்டிக் கொடுப்பாள். தங்கூசி நூல், நரம்பு மாதிரி நைலோன். ஒவ்வொரு முடிச்சுக்கும் மிஞ்சுகிற நூலை வெட்ட வேண்டும். மற்ற வீடுகளில் கத்தரிக்கோலால் வெட்டுகிறார்கள், சவரப் பிளேட்டால் வெட்டுகிறார்கள். அத்தான் வீட்டில் மட்டும் வலையில் இரும்பு படக் கூடாது. பட்டால் மீன் விழாதாம். அவருடைய தாய் சொல்லிவிட்டுச் செத்த சட்டம் அது. அந்தத் தாய் பல்லில்லாத வாயோடுதான் செத்தாள் என்பதை அந்த வீட்டில் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

கலியாணமாகிய நாளிலிருந்து அக்கா கடித்தாள். முன்பல்லில் முதலில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. பிறகு நூல் தானாகப் போய் உட்காரும் அளவுக்கு ஆழமாயிற்று. "நல்ல வசதிகா தங்கச்சி, நூல் நழுவாது" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தவள் அவள். பிறகு பல் கூசியது. பிறகு வலித்தது. வலித்தால் புகையிலைத் துண்டை வைத்து அமத்துவாள். அதற்கும் கேட்காவிட்டால் மண்ணெண்ணெயில் தோய்த்த பஞ்சு. இவள் வாய்க்குள் அடுப்பெரிக்கிறாளா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைச் சுற்றியிருக்கிற முரசுச் சதையெல்லாம் வெந்து வெளுத்தது. மேல்வரிசையில் இரண்டு பல் பாதியில் முறிந்து நின்றன.

இந்த வருசம் மகள் தனுஷாவுக்குக் கலியாணம் சரிவந்தது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த பிள்ளை. மாப்பிள்ளை களுதாவளை, வங்கியில் வேலை. அக்காவுக்கு ஒரே ஒரு ஆசைதான். மகளுக்குப் பக்கத்தில் நின்று, வாய் திறந்து சிரித்து, ஒரு படம் எடுக்க வேண்டும். அவளுடைய கலியாணப் படம் சுனாமியோடு போயிற்று. அதற்குப் பிறகு எடுத்த படங்களிலெல்லாம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

நான்தான் அவளை இழுத்துக்கொண்டு பல் டொக்டரிடம் போனேன். சின்னப் பெண். வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது பூச்சி அரிச்சுச் சூத்தை விழுந்து உடைஞ்சதில்லயே. என்னத்தைக் கடிக்கிறீங்க அம்மா?"

"வலை நூல்தான் மகள்" என்றாள் அக்கா, ஏதோ முறுக்குத் தின்கிறவள் சொல்வதைப் போல.

டொக்டர் வெளிச்சத்தை அணைத்தார். "முறிஞ்ச வேரை எடுக்கணும். முரசு ஆறினதும் கட்டுப்பல் வைக்கலாம். கலியாணத்துக்கு முதல் செய்திரலாம். ஆனா இனி நூல் கடிக்கக்கூடா. புகையிலை, மண்ணெண்ணெய் ஒண்டும் வாணாம்."

பஸ்ஸில் வழியெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். காத்தான்குடியில் இறங்கி அவளுக்கு ஒரு நகவெட்டி வாங்கிக் கொடுத்தேன். "அத்தான் தோணி எடுத்து ஆத்துக்குப் போன நேரம் பார்த்து இதால வெட்டு. ஆருக்குத் தெரியப்போகுது?"

கொஞ்ச நாள் தெரியவில்லை. இறால் நன்றாகப் பட்டது. பிறகு மீன் குறைந்தது. எல்லாருக்கும்தான் குறைந்தது, கரையிலிருந்த அத்தனை தோணியும் வெறுமையாகத்தான் வந்தது. ஆனால் அத்தானுக்கு மட்டும் காரணம் தெரிந்துவிட்டது! வலையை விரித்து முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். கடித்த நூலின் நுனி நசிந்து தட்டையாக இருக்கும். வெட்டிய நுனி குத்தும். குத்தியது.

அவர் அடிக்கவில்லை. அடித்தால் நான் பொலிசுக்குப் போவேன் என்று அவருக்குத் தெரியும். நகவெட்டியை வாவியில் வீசிவிட்டு வலையை அவள் மடியில் போட்டார்.

"இரும்பு பட்ட முடிச்செல்லாத்தையும் கடிச்செடு. திருப்பிக் கட்டு."

"டொக்டர் வாணாமெண்டவ..."

"டொக்டரா உனக்குச் சோறு போடுறா?"

அவள் கடித்தாள். கடித்து முடித்தபோது முன்னால் இன்னும் இரண்டு பல் போயிருந்தது, முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. இந்த நிலையில் வேரும் எடுக்க முடியாது, கட்டுப்பல்லும் வைக்க முடியாது, கலியாணம் முடிந்து வாருங்கள் என்று டொக்டர் அனுப்பிவிட்டார்.

நான் தனுஷாவிடம் ஓடினேன். படித்த பிள்ளை, தகப்பனோடு நாலு வார்த்தை கதைப்பாள் என்று நம்பினேன். அவள் கைக்கு மருதாணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பாவைத் தெரியும்தானே சின்னம்மா. அம்மா படத்துக்கு வாயை மூடிக்கொண்டு நிண்டாச் சரி."

கலியாணம் களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் நடந்தது. அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நின்றாள். மேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலிக்கொடியின் திருகுச் சுரையைப் பூட்டத் தெரியாமல் திணறினார். அதைப் பார்த்து அக்கா தன்னை மறந்து சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு! சின்ன வயதில் என்னோடு நண்டு பிடித்துத் திரிந்த கேதீஸ்வரியின் சிரிப்பு. என் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. படம் எடுத்த றிப்ஷான் தம்பி அதைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து அல்பம் வந்தது. அந்த ஒரு படத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள் தனுஷா. நானும் அங்கே இருந்தேன். படத்தில் அக்கா பல்வரிசை தெரியச் சிரிக்கிறாள். வெள்ளைப் பல். இடப்பக்கம் ஒரு தெத்துப்பல். அந்தத் தெத்துப்பல் என்னுடையது.

"சின்னம்மாட படத்திலயிருந்து பல்லை எடுத்துப் போடச் சொன்னனான். ரெண்டுபேருக்கும் முகவெட்டு ஒண்டுதானே. வடிவா இரிக்கா?"

அக்கா படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "நான் சிரிச்சனே மகள், அது எங்க?"

"இதுதான் அம்மா அது."

அத்தான் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் பல் முழுவதும் தெரியச் சிரித்தார். "இப்பதான் பார்க்க மனிசி மாதிரி இரிக்காள்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த வெறி! வெற்றிலைத் தட்டில் கிடந்த பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். காயப்போட்டிருந்த வலையை அள்ளிப் பிடித்து, கை போன போக்கில் நறுக்கினேன்.

"இந்தாங்க இரும்பு! இனிப் போய் மீன் பிடியுங்க! நாசமாப் போங்க!"

அத்தான் என்னைத் தடுக்கவில்லை. நான் களைத்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலையைக் கூட்டி அள்ளிக்கொண்டு போய், மெதுவாக, அக்காவின் மடியில் வைத்தார்.

"உன்ட தங்கச்சி வெட்டினதை நீ கட்டு. இரும்பு பட்ட நுனியெல்லாத்தையும் முதல்ல கடிச்செடு."

அக்கா வலையைப் பிரித்தாள். வெட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். அவரை அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஏன்கா வெட்டினாய்? நீ வெட்டிப்போட்டு உன்ட வீட்ட போயிருவாய். இனிக் கடிக்கிறது ஆரு?"

பிறகு நாக்கால் வாய்க்குள் துழாவி, கடைவாயில் மிஞ்சியிருந்த ஒரு பல்லைத் தேடிப் பிடித்து, நூலை அங்கே கொண்டுபோய் வைத்தாள்.