மெஜாரிட்டி சொன்ன பதில்

எங்க குடியிருப்போட வருஷக் கூட்டத்துக்கு இருநூறு பேர் வருவாங்க. இந்தத் தடவை எண்பதுகளைப் பத்தி வினாடி வினா, நடத்தப்போறது நீதான்னு செயலாளர் சொன்னப்போ நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். இந்தக் குடியிருப்புல அப்போ நடந்ததை வச்சு வீட்டுக்கு ஒரு கேள்வி எழுதிப் பெட்டியில போடுங்கன்னு சொல்லிட்டேன். யோசிக்கிற வேலை மிச்சமாம். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

கேள்வி எழுதினவங்க யாரும் பதில் எழுதல. முதல் ஃபோன் வந்தது எந்த வீட்டுக்குன்னு கேட்டா ஆறு வீட்டுக்காரங்க எழுந்து நிக்கிறாங்க. தண்ணித் தொட்டியில விழுந்தது யாருன்னு கேட்டா விழுந்தவரே நான் இல்லைங்கிறார். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. செயலாளர் ஒரு சட்டம் போட்டார். எந்தப் பதிலுக்கு அதிகக் கை தூக்குறாங்களோ அதுதான் சரியான பதில், அதுக்கு முதல்ல கை தூக்கின மேசைக்குப் பாயிண்ட். மாடிவீட்டுப் பல் டாக்டர், தான் பிறந்த வருஷம் எதுங்கிற கேள்வியிலேயே நூத்திப்பத்துக் கைக்குத் தோத்தார்.

அதைப் பத்தியெல்லாம் எனக்குக் கவலை இல்லை. என் கண்ணு மூணாவது மேசையில உட்கார்ந்திருந்த சித்தப்பா மேலதான். எலக்ட்ரீஷியன். எண்பத்தாறுல, பெரிய மேட்ச் அன்னிக்கு, இந்தக் கூட்ட ஹால்ல இருந்த ஒரே டிவியை எரிச்சவர்னு பேர் வாங்கினவர். காலையில ஆன்டெனாவைத் திருப்பி வச்சுட்டுப் போனார், பாவம், அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு பல்பு மாட்டக்கூட ஹாலுக்கு அவரைக் கூப்பிடல. கிண்டல் தாங்காம இந்தக் கூட்டத்துக்கு வர்றதையே விட்டுட்டார். அந்தப் பேச்சை யாரும் எடுக்க மாட்டாங்கன்னு சத்தியம் பண்ணி இந்த வருஷம் நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். முந்தின நாளே பெட்டியைத் திறந்து, டிவியைப் பத்தின பதினொரு சீட்டையும் கிழிச்சுப் போட்டுட்டேன்.

கடைசியில செயலாளர் எழுந்தார். தன் வீட்டுச் சீட்டைப் போட மறந்துட்டாராம். சட்டைப் பையில இருந்து எடுத்து அவரே படிச்சார். ஹால் டிவியை எரிச்சது யார்?

ஹாலே சிரிச்சுது. பதிலை எண்ணவே வேண்டாம், எல்லாரும் சித்தப்பா பக்கம்தான் கையை நீட்டினாங்க. அவர் குனிஞ்சு காலி டம்ளரையே பார்த்துக்கிட்டிருந்தார். செயலாளர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"அது நான்தான். எனக்கு அப்போ ஏழு வயசு. டிவி மேல பூஜாடி இருந்துச்சே, அந்தப் பூ வாடிடும்னு ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினேன். அது பிளாஸ்டிக் பூன்னு எனக்குத் தெரியாது."

இத்தனை வருஷம் மென்னு முழுங்கினது வெளியே வந்துடுச்சு, இனி யார் திட்டினாலும் சரின்னு நின்னேன். திட்டினா பரவாயில்லையே, ஒருத்தரும் நம்பல. சித்தப்பா மேல இருக்கிற பாசத்துல பழியைத் தூக்கித் தன் மேல போட்டுக்கறா, தங்கமான பொண்ணுன்னு முன் வரிசைப் பெரியம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. சட்டம்னா சட்டம்னு செயலாளர் என் பதிலுக்கும் கை தூக்கச் சொன்னார்.

எழுந்தது ஒரே கை. சித்தப்பாவோடது.

அவர் மெதுவா எழுந்து என்கிட்ட வந்தார். மைக் என் கையிலேயே இருந்ததால அவர் பேசினது ஹால் முழுக்கக் கேட்டுது.

"அன்னிக்கு ரிப்பேர் பார்க்க வந்து டிவி பின்பக்கத்தைக் கழட்டினதும் தண்ணி கொட்டுச்சும்மா. நீ காலிச் சொம்போட கதவு ஓரமா நின்னே. உங்கப்பா அடிச்சா நீ தாங்க மாட்டே. அதான் நான் வாயைத் திறக்கல."

செயலாளர் சீட்டை மடிச்சு மறுபடி பையில போட்டுக்கிட்டார். முன் வரிசைப் பெரியம்மா முதல்ல கை தூக்கினாங்க, அப்புறம் பல் டாக்டர், அப்புறம் மொத்த ஹாலும். நான் வெட்கத்தை விட்டு மைக்லயே ஓன்னு அழுதேன்.

"அழாதே"ன்னார் சித்தப்பா. "சரியான பதிலுக்கு முதல்ல கை தூக்கினது நான்தானே, எங்க மேசைக்குப் பாயிண்ட் போடு."