குறை சொல்லாத குடும்பம்

அந்தக் குடும்பத்தில் யாரும் அடுத்தவர் வீட்டில் நின்றுகொண்டு குறை சொன்னதில்லை. தகப்பனார், சம்பந்தி வீட்டில் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டுக் கொடுத்த தேநீரை முகம் சுளிக்காமல் குடித்து, இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கியவர். நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற மகனும் அந்த வழியில் இம்மி பிசகாதவர்.

அவர் இப்போது மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு புறநகர் மாடி வீட்டின் வாசலில் நின்றார். வீடு மகளுக்கு. நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். ஊரிலிருந்து போய்வருவதிலேயே பாதி உயிர் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் நின்றபடியே கண் அசந்துவிட்டாள், மேற்பார்வையாளர் எச்சரித்திருந்தார். பக்கத்தில் வீடு அமையாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். ஆனால் தனிப் பெண் என்றதும் பார்த்த இடமெல்லாம் கதவைச் சாத்தினார்கள். தான் கூட வந்தால் குடும்பத்தின் தரம் தெரியும் என்று அவரே கிளம்பி வந்துவிட்டார்.

"தனியா இருக்கறதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல. கீழ் வீட்டுல நானும் தனிதான்" என்றார் வீட்டுக்காரம்மா. "நல்லா சுத்திப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

மகளின் முகத்தில் வெளிச்சம் வந்தது. தெரு அவ்வளவு அமைதி. இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சுற்றிப் பார்த்தார்கள். குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் சேரவில்லை. படுக்கையறை ஜன்னலை இழுத்தால் சட்டமும் சேர்ந்து கையோடு வந்தது. தலைமை எழுத்தர் அதை ஓசைப்படாமல் பழையபடி பொருத்திவிட்டு, விரலைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். சமையலறைத் தொட்டியின் கீழே சுவர் ஊறியிருந்தது. மகள் அதைக் காட்டி வாய் திறந்தாள். அவர் ஒரு பார்வை பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

"எப்படிங்க இருக்கு?"

"அரண்மனைங்க. ஒரு குறை கிடையாது."

"ஒண்ணுகூடவா?"

"தேடினாலும் கிடைக்காதுங்க."

வீட்டுக்காரம்மாவின் முகம் சுருங்கியது. சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க சார். இந்த வீடு உங்களுக்குச் சரிப்படாது."

தலைமை எழுத்தருக்குக் காது சிவந்துவிட்டது. "எங்க குடும்பத்துல என்ன குறையைக் கண்டீங்க?"

"முன்னாடி இருந்தவரும் உங்கள மாதிரி தங்கமான மனுஷன். குழாய் ஒழுகினதைச் சொல்லச் சங்கடப்பட்டுக்கிட்டு மாசக்கணக்கா வாளி வச்சுப் பிடிச்சிருக்கார். ஒருநாள் நான் சாப்பிடறப்போ கூரைப் பூச்சு மொத்தமும் மேஜை மேல வந்து உக்காந்துருச்சு. இனிமே நல்லவங்களுக்கு வீடு விடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்."

மகள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வாயை அடைத்தது தன் பார்வைதான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் திறந்தால் தகப்பனார் பேர் போய்விடும். திறக்காவிட்டால் மகளின் வேலை போய்விடும்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குளியலறைத் தாழ்ப்பாள் சேரலை."

"ம்."

"ஜன்னல் சட்டம் கையோட வருது. நான்தான் மறைச்சு வச்சிட்டு வந்தேன்."

"அட! அப்புறம்?"

"தொட்டிக்குக் கீழ சுவர் ஊறிக் கிடக்கு. குழாயை மாத்துனீங்களா, இல்ல துணியைச் சுத்தி விட்டுட்டீங்களா?"

"துணிதாங்க" என்றார் வீட்டுக்காரம்மா, திருட்டு முழியோடு.

"நல்லா இருக்கு! கூரை தலையில விழுந்தும் புத்தி வரலியா?"

"அப்பா!" என்று அலறினாள் மகள்.

வீட்டுக்காரம்மா தோள் குலுங்கச் சிரித்தார். "நீ எப்படிம்மா? இப்படிப் பேசுவியா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"ஹால் பெயிண்டுங்க" என்றாள் மெதுவாக. "அந்தச் சிவப்பைப் பாத்தா நைட் டியூட்டி முடிச்சு வர்றவளுக்குத் தூக்கம் எங்க வரும்? காய்ச்சல்தான் வரும்."

"அது நான் ஆசைப்பட்டு அடிச்சதுடி!" என்று வீட்டுக்காரம்மா நெஞ்சில் கை வைத்தார். பிறகு பெருமூச்சு விட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "சரி, நிறத்தை நீயே சொல்லு. நாளைக்குக் குழாய்க்காரரை வரச் சொல்றேன்."

இருவரும் தெருவில் இறங்கினார்கள். தலைமை எழுத்தர் கொஞ்ச தூரம் விறைப்பாக நடந்தார். சட்டென்று நின்று, திரும்பிப் போய், வெளிக்கதவை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார்.

"அம்மா!" என்று வீதிக்கே கேட்கக் கூப்பிட்டார். "கேட் கீல் ஆடுதுங்க!"

உள்ளேயிருந்து உற்சாகமாகக் குரல் வந்தது. "அடுத்தது சொல்லுங்க!"