அலுப்பூட்டும் கடலுக்கு எதிரே இரண்டு அறை, ஒரு சமையலறை

1

இந்தக் கதை ஓர் அவமானத்தில் பிறந்தது. உயர்வாக வேறு காரணம் ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன், அகப்படவில்லை. கெர்டீன் என்ற ஹாலந்துக்காரி என் வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்தாள், பார்த்தாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். போனவள் என்னைப் போலவே வீடு வாடகைக்கு விடும் ருடெல்காவின் வீட்டை எடுத்துக்கொண்டாள். வேறு யார் வீட்டையாவது எடுத்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

கரீபியக் கடல் தீவான பொனேரில் முக்குளிக்க வருகிறவர்களுக்கு வீடு விடும் நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். யார் வீட்டுக் குழாய் ஒழுகும், யார் வீட்டு அடுப்பில் இரண்டு பர்னர் மட்டும் எரியும் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. என் அடுப்பில் நான்கும் எரியும். ஃபிரிட்ஜ் புதிது. ரப்பர் உடுப்புகளை அலச வெளியே நல்ல தண்ணீர்த் தொட்டி, காயப்போட நிழலில் கொடி. எல்லாவற்றுக்கும் மேலாக என் கடல். சாலையைத் தாண்டி இறங்கினால் சிறிது தூரத்திலேயே பவளப்பாறை சரிந்து, நீலம் கறுத்து, அடி தெரியாமல் போய்விடும். முக்குளிக்கும் இடம் என்பதற்கு அடையாளமாக மஞ்சள் கல்லும் உண்டு. அந்தக் கல்லைக் காட்டித்தான் நான் வாடகை பேசுவது. கெர்டீனுக்கு அதிலும் குறைத்துத் தருவதாகச் சொன்னேன்.

ருடெல்காவின் வீட்டுக்கு எதிரே ஆழமில்லாத கடல், அடியில் மணல். அதைத் தாண்டினால் இன்னும் மணல். நடுவில் கொஞ்சம் கடற்புல், இடிந்துபோன படகுத்துறையின் தூண்கள். தங்க வருகிறவர்களிடம் அவளே அதற்காக மன்னிப்புக் கேட்பாள்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "கெர்டீன் ஜன்னலைத் திறந்தபோது கடல் ஒரு—"

விட்டுவிட்டேன். ஜன்னலைத் திறந்து கடலைப் பார்க்கும் பெண்கள் கதைகளில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறார்கள். தவிர, எங்கள் ஊர்க் காற்றுக்கு ஜன்னலைத் திறந்தால் மேசைமேல் இருப்பதெல்லாம் பறந்துவிடும்.

இரண்டாவது: "விவாகரத்து ஆன பிறகு, முன்னாள் கணவனுக்கும் அவனுடைய புதுத் துணைக்கும் தனக்குமாகச் சேர்த்து ஒரு வீடு தேடினாள் கெர்டீன்."

இது நிற்கும். நீங்கள் கேட்கப்போகும் கேள்வியும் இதிலேயே இருக்கிறது: அவள் எதற்குத் தேட வேண்டும்? பதிலில் பெரிய ரகசியம் இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து ஒவ்வொரு வருடமும் தீவுக்கு வரும்போது வீடு பார்த்தது அவள்தான். வீபே (முன்னாள் கணவன்) பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குவதோடு சரி. பிரிந்தபோது இருவரும் வீட்டைப் பங்கு போட்டார்கள், பாத்திரத்தைப் பங்கு போட்டார்கள், முக்குளிப்பதை என்ன செய்வது என்று பேச மறந்துவிட்டார்கள். கடலில் யாரும் தனியாக இறங்குவதில்லை, ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். இருவருக்கும் வேறு ஜோடி பழக்கமில்லை. அதனால் போன வருடம் தனித்தனி அறை எடுத்துத் தங்கி, தண்ணீருக்குள் மட்டும் சேர்ந்து போனார்கள்.

இந்த வருடம் அவன் தொலைபேசியில் கூப்பிட்டான். அனூக்கும் (புதுத் துணை) வருகிறாள், இப்போதுதான் முக்குளிக்கக் கற்றிருக்கிறாள், ஹோட்டலெல்லாம் கட்டுப்படியாகாது, நாமே சமைத்துச் சாப்பிடுகிற மாதிரி மலிவாக ஒன்று பார், நீதான் அதில் கெட்டிக்காரி என்றான். கெர்டீன் அவர்களுக்கு முன்பே வந்து வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

[இந்த இடத்தில் எனக்கே கெர்டீன்மேல் நம்பிக்கை வரவில்லை. இப்படியும் ஒருத்தி இருப்பாளா? ரோஷம் வேண்டாமா? நானாகக் கற்பனை செய்தவள் என்றால் திருத்தியிருப்பேன். என் ஃபிரிட்ஜைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுப் போனவளை என்னால் திருத்த முடியாது.]

3

விஷயத்தை இப்போதே உடைத்துவிடுகிறேன். வேறொருவர் எழுதினால் கடைசிவரை மூடி வைப்பார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

வீபே தன் காற்று மீட்டரைப் பார்ப்பதில்லை.

முதுகில் சிலிண்டர் இருக்கும். அதில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் மீட்டர் இடுப்போரம் தொங்கும். அதை அடிக்கடி பார்த்துக்கொள்வது முக்குளிப்பின் அரிச்சுவடி. வீபே கீழே போனால் தன்னை மறந்துவிடுவான். ஒரு விலாங்கைக் கண்டால் அதன் பின்னால், ஆமையைக் கண்டால் அதன் பின்னால், இன்னும் கீழே, இன்னும் கீழே. கல்யாணமான புதிதில் ஒருமுறை அவன் மீட்டரின் முள் சிவப்பில் நிற்பதைக் கெர்டீன் தொட்டுக் காட்டினாள். கரைக்கு வந்தபின் இரண்டு நாள் அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு அவள் காட்டவில்லை. ஓரக்கண்ணால் அவன் மீட்டரைத் தானே பார்த்துக்கொள்வாள். முள் இறங்கியதும் *தன்* மீட்டரைத் தட்டி, எனக்குக் காற்று தீரப்போகிறது, மேலே போகலாம் என்று சைகை செய்வாள். அவளுடைய சிலிண்டரில் தாராளமாக இருக்கும்.

இருபது வருடத்துக்குக் கிட்ட இப்படியே ஓடியது. கெர்டீன் காற்றைக் குடிப்பவள் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். எந்த விருந்துக்குப் போனாலும் வீபே அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பான். அவளும் சிரித்துக்கொண்டே தட்டுகளை எடுத்துக்கொண்டு போவாள்.

இப்போது ஜோடி மாறப்போகிறது. மீட்டரைப் பார்க்காத ஒருவன், அவன் பார்ப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் ஒரு கற்றுக்குட்டி. கெர்டீன் வாயைத் திறந்து சொல்லலாம். சொன்னால் அத்தனை வருடச் சிரிப்பும் அவன் தலையில் விழும். அவளுக்கு அது பெரிதில்லை என்று நினைக்கிறேன். அவனிடம் அவளுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு வேலைதான், அதுவும் அனூக்கின் கைக்குப் போய்விடும். அது அவளுக்கு வலித்தது. எனவே சொல்லாமலே அவன் உயிரைக் காப்பாற்ற ஒரு வழி தேடினாள். அந்த வழி ஒரு வீடாக இருந்தது.

4

இந்தப் பகுதியில் நான் இல்லை. ருடெல்கா சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஒன்றை மூன்றாக்கிச் சொல்பவள் என்பதால், மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டேன்.

கெர்டீன் படுக்கையறையைப் பார்க்கவில்லையாம். கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டு நேராகக் கடலுக்குள் போய், வெகுநேரம் நீந்திவிட்டுச் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாளாம். ருடெல்கா வழக்கமான மன்னிப்பைத் தொடங்கினாள்.

"கண்ணு, உள்ளதச் சொல்லிடறேன். இங்க பாக்க ஒண்ணுமில்ல. அந்தத் தூணாண்ட நாலு மீனு இருக்கும், அதுவும் வயசான மீனு. நல்ல கடல் வேணும்னா அங்கிட்டு ஒருத்தர் இருக்காரு. வாயாடி*, ஆனா கடல் நல்ல கடல்."

"ரொம்ப தூரம் போனாலும் இதே ஆழந்தானா?"

"இதே எழவுதான்."

"அப்ப இதையே எடுத்துக்கறேன்."

ருடெல்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாடகையை இதற்குமேல் குறைக்க முடியாது என்று முந்திக்கொண்டாள். குறைக்க வேண்டாம் என்றாள் கெர்டீன். யார் யார் தங்கப்போகிறார்கள் என்று கேட்டபோது கெர்டீன் ஒளிக்காமல் சொன்னாள். ருடெல்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"ஒரே சமையக்கட்டுல நீயும் அவளுமா? கத்தியெல்லாம் எடுத்து ஒளிச்சு வெச்சிடட்டுமா?"

"வேண்டாம். எல்லாமே மொக்கையாத்தான் இருக்கு, பாத்துட்டேன்."

அவளுடைய கணக்கு எளிமையானது. வீபே சோம்பேறி. வாசலிலேயே கடல் இருந்தால் சிலிண்டர்களை வண்டியில் ஏற்றி வேறு இடம் தேடிப் போகமாட்டான். அந்த ஆழத்தில் காற்றே தீர்ந்துபோனாலும் காலை ஓர் உதை உதைத்தால் மேலே வந்துவிடலாம். நான் எதைக் காட்டி அவளை இழுக்கப் பார்த்தேனோ அதைப் பார்த்துத்தான் அவள் என் வீட்டைத் தள்ளினாள். இது தெரிந்ததும் என் அவமானம் பாதி தீர்ந்தது. மீதிப் பாதி 'வாயாடி' என்ற அந்தப் பட்டத்தால் அப்படியே நிற்கிறது.

(* நான்.)

5

அனூக்கை வெறுக்கத் தக்கவளாக எழுதிப் பார்த்தேன். ஒரு முழுப் பத்தி வந்தது. "அவளுடைய சிரிப்பில் ஏதோ ஒரு—" அடித்துவிட்டேன். அவள் சிரிப்பில் ஒன்றும் இல்லை. கெர்டீனைவிடப் பதினைந்து வயது சிறியவள், தண்ணீரென்றால் உள்ளுக்குள் பயம், அதை வெளியே காட்டாமல் இறங்குவாள். சமையலறையில் எந்தப் பாத்திரத்தை எடுப்பதானாலும் கெர்டீனிடம் கேட்டுவிட்டு எடுத்தாள். ருடெல்கா கொடுத்த ஆட்டுக்கறிக் குழம்போடு சாப்பிட ஃபுஞ்சி என்ற சோளக்களி கிண்டுகிறேன் என்று மாவை அடிப்பிடிக்க விட்டாள். கருகிய பாத்திரத்தைக் கெர்டீன் தேய்த்தாள். வீபே வெளியே உட்கார்ந்து பியர் குடித்தான்.

கடலைப் பார்த்த அன்றே அவன், இது கடலா குளமா என்று கேட்டான். ஆனாலும் கெர்டீன் கணித்தபடி வாசலிலேயே இறங்கினான். மூன்று பேரும் சேர்ந்து போனார்கள். அனூக் படகுத்துறைத் தூணில் ஒரு கடற்குதிரையைக் கண்டுபிடித்து அன்றைக்கெல்லாம் அதையே பேசினாள். தன் கடலில் அப்படியொன்று இருப்பது ருடெல்காவுக்கே செய்தி. அவள் அடுத்த விருந்தினருக்கு வாடகையை ஏற்றினாள்.

சோம்பலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைக் கெர்டீன் கணக்கில் சேர்க்கவில்லை. சிலிண்டர் நிரப்பும் இடத்தில் யாரோ வீபேயிடம் என் வீட்டு மஞ்சள் கல்லைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள்.

(நானில்லை. நீங்கள் நினைப்பது தெரிகிறது. நானில்லை.)

6

இதை நானே பார்த்தேன்.

காலையில் என் வீட்டெதிரே வண்டியை நிறுத்தினார்கள். கண்ணாடிகளை இறக்கி, கதவுகளைப் பூட்டாமல் விட்டார்கள். எங்கள் கரையில் திருடர்கள் பூட்டிய வண்டியின் கண்ணாடியைத்தான் உடைப்பார்கள். கெர்டீன் ரப்பர் உடுப்பை இடுப்புவரை ஏற்றியிருந்தாள். அப்போது வீபே சொன்னான்:

"நீ இன்னிக்கு மேலயே இரேன். மூணு பேருன்னா குழப்பம். அதோட நீ காத்தக் குடிச்சுத் தீத்துட்டு எங்களையும் பாதியில கூட்டிட்டு வந்துடுவே. ஒரு நாளாவது ஆசை தீரப் பாத்துட்டு வரோம்."

அனூக் சிரித்தாள். அந்த ஜோக் அவளுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

[இங்கே கெர்டீன் கடலைப் பார்த்து நீண்ட நேரம் யோசித்ததாக எழுதியிருந்தேன். பொய். அவள் உடனே பேசினாள்.]

"அனூக், கீழ போனதும் அவன் மீட்டரை நீ பாரு. அடிக்கடி பாரு. அவன் பாக்கமாட்டான்."

"நானா?" என்றான் வீபே. "இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது எனக்குக் காத்து தீந்திருக்கா? எப்பவும் உனக்குத்தான் தீரும்."

"ஆமா. எப்பவும் எனக்குத்தான்."

முதலில் புரிந்தது அனூக்குக்கு. அவள் முகத்தில் சிரிப்பு அணைந்துவிட்டது.

"அவரோடதப் பாத்துட்டுத்தான் நீங்க உங்களோடதத் தட்டுவீங்களா?"

கெர்டீன் வீபேயின் தோள்பட்டையில் முறுக்கிக்கொண்டிருந்த வாரை நேராக்கிவிட்டாள், பழக்க தோஷம். அவன் குனிந்து தன் மீட்டரைப் பார்த்தான். முழுதாக இருந்தது, கரையில் வேறெப்படி இருக்கும். ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இந்தக் கதையில் அவனுக்கு இரக்கம் ஒதுக்கியிருக்கவில்லை.

பிறகு காலில் மாட்டும் துடுப்புகளை எடுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தான். அனூக் தயங்கினாள்.

"அவன் காத்து பாதி ஆனதும் திருப்பிக் கூட்டிட்டு வந்துடு," என்றாள் கெர்டீன். "கோவிச்சுக்குவான். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

7

அவள் என் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் பகுதியில் உள்ளதையெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் சொன்னாள், என்னிடம் சொல்வதுபோல அல்ல, தண்ணீரைப் பார்த்தபடி. கூடவே இறங்கியிருக்கலாமே என்று கேட்டேன். நான் இறங்கினால் அனூக் என்னைத்தான் பார்ப்பாள், அவன் மீட்டரைப் பார்க்கமாட்டாள் என்றாள். அப்போது அவள் அழுதாள், கொஞ்சமாக. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரிவுக்கு இந்தப் பக்கம் தெரிந்த இரண்டு குமிழி வரிசைகளைக் காட்டினாள். பிறகு அவையும் தெரியவில்லை.

ஒரு முடிவு எழுதினேன். இரண்டு தலைகள் மேலே வருகின்றன, அனூக் தன் மீட்டரைத் தட்டி, எனக்குக் காற்று தீர்ந்துவிட்டது என்கிறாள். கெர்டீனுக்கு மட்டும் தெரிகிறது, இன்னொருத்தி அந்தப் பொய்யைக் கற்றுக்கொண்டாள் என்று. நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகமாக இருந்தது.

இன்னொன்றில் வீபேயே, வாழ்க்கையில் முதல் தடவையாக, கீழே நின்று மீட்டரைப் பார்த்து— இதை நான் பாதிக்குமேல் எழுதவில்லை. அவன் அப்படிப்பட்டவன் என்று எனக்குப் படவில்லை, படவேண்டும் என்று ஆசையாக இருந்தது.

மூன்றாவதை எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை.

என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். என் வீட்டெதிரே நடந்ததாயிற்றே. ஆனால் படியில் உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்தில் கெர்டீனுக்குத் தெரியாது. இவ்வளவு தூரம் அவள் பக்கத்திலேயே நின்று சொல்லிவிட்டு, அவளைப் படியில் தனியாக விட்டுவிட்டு உங்கள் காதில் மட்டும் முடிவைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

"இப்ப பாதி ஆயிருக்கும்," என்கிறாள்.

யாருடைய சிலிண்டரில் என்று நான் கேட்கவில்லை. படியில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. உட்கார்ந்து நீங்களும் தண்ணீரைப் பாருங்கள்.