மரத்தைக் காப்பாற்றிய சாய்வுப்பாதை

ஜெலுத்தோங் அடுக்குமாடி ஒன்றின் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் ராமதாஸ், சாய்வுப்பாதைத் திறப்பு விழாவில் 'அனைவரையும் உள்ளடக்கிய, நிலைத்த சமூகத் திட்டமிடல்' என்பதை மூச்சு வாங்காமல் சொன்னார். கூட்டம் கைதட்டியது. தட்டி முடித்த பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் பொருள் கேட்டது.

அந்தப் பாதை ஐந்தாம் மாடி ஹைதருக்காக. சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். மின்தூக்கி அவரைக் கீழே கொண்டுவந்துவிடும்; வாசல் படிகள் நிறுத்திவிடும். கருத்துக் கேட்புக் கூட்டம் படியேறிப் போகும் மண்டபத்தில் நடந்ததால் அவர் வரவில்லை. வராதவருக்கு ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

பாதை போட இரண்டே இடம். ஒன்று முன்வாசலில், அங்சானா மர நிழலில் ராமதாஸின் கார் நிற்கும் இடம். மற்றது பின்னால், குப்பை அறையை ஒட்டி. முன்னால் போட்டால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் கட்டட ஒப்பந்தக்காரர் அஃபிக் ராமதாஸிடம் சொன்னார். ராமதாஸ் கூட்டத்தில், "மரத்தோட வேரு என்னாவறது? நம்ம பிள்ளைங்களுக்கு நெழல் வேணாமா?" என்றார். மரத்துக்கு எதிராகக் கை தூக்க யாருக்கும் மனம் வரவில்லை. பாதை குப்பை அறைப் பக்கம் போனது.

திறப்பு விழா முடிந்து சில வாரங்களாயின. வெள்ளிக்கிழமைகளில் ஹைதர் பள்ளிவாசலுக்குப் போவதில்லை என்பது ராமதாஸ் கண்ணில் பட்டது. மாடிக்குப் போய் விசாரித்தார்.

"என்னண்ணே, பளபளன்னு ரேம்ப் போட்டுக் குடுத்திருக்கோம், ஆளையே காணோம்?"

"எறங்கிப் பாத்தேன் தம்பி. குப்பைத் தண்ணி முழுக்க அதுலதான் ஓடுது. சக்கரம் நனையுது, சக்கரத்த கையாலதான தள்ளணும்? அந்த நஜீஸ் அசிங்கத்தோட எப்படிப் பள்ளிக்குள்ள போறது? என் பொண்டாட்டி லைலா இருந்தா கழுவி விடுவா. வெள்ளிக்கிழமை அவ புக்கிட் தெங்கா பேக்டரியில இருக்கா."

"அலம்பிவிடச் சொல்றேண்ணே."

"அடுத்த குப்பை லோரி வந்தா மறுபடியும் ஊத்தும். விடுங்க லா, மரமாவது பொழைச்சிச்சே."

மறு வெள்ளியிலிருந்து ராமதாஸ் காவலாளியோடு சேர்ந்து நாற்காலியை முன்படிகளில் தூக்கி இறக்கி, தன் காரிலேயே ஹைதரைத் தொழுகைக்குக் கொண்டுபோனார். இடத்தைக் கொடுப்பதைவிடப் பெட்ரோலைக் கொடுப்பது சுலபமாக இருந்தது. "இப்படி ஒரு தலைவர் எங்க கெடைப்பாரு?" என்று மூன்றாம் மாடி சலேஹா எல்லாரிடமும் சொன்னார். ஒவ்வொரு பாராட்டும் ராமதாஸுக்குச் செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்தியது.

பத்து காவான் என்ற ஊரில் ஒரு மாநாடு. சாய்வுப்பாதையைப் பற்றி ராமதாஸ் பேச வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை, நண்பகல், தொழுகை நேரம். விஷயத்தைச் சொல்ல மாடிக்குப் போனபோது ஹைதர் தொப்பியும் கைலியுமாகத் தயாராக இருந்தார்.

"அண்ணே, இன்னிக்கு மட்டும்... ஒரு பேச்சு இருக்கு."

"போயிட்டு வாங்க. எதப் பத்தி?"

"உள்ளடக்கிய திட்டமிடல்..."

"ஆமாமா, நல்லா உள்ளயே அடக்கி வச்சிட்டீங்க." ஹைதர் சிரித்தார். "சன்னல்லேருந்து எல்லாம் தெரியும் தம்பி. மரம் அந்தாண்ட, நீங்க நிறுத்துற காடி இந்தாண்ட. வேரெல்லாம் ரோட்டுப் பக்கம்."

"மொதல்லயே தெரியுமா? ஏண்ணே சொல்லல?"

"சொன்னா கூட்டம் போடுவீங்க. என்னால படியேற முடியாதே."

ராமதாஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மின்தூக்கிக்கு நடந்தார். ஹைதரைப் பள்ளிவாசலில் விட்டுவிட்டு, வெளியே காரில் உட்கார்ந்தபடி பத்து காவானுக்குப் போன் செய்து வர முடியாது என்றார். பிறகு அஃபிக்கை அழைத்தார்.

தொழுகை முடிந்து வந்த ஹைதரிடம், "என் இடத்த ஒடைக்கச் சொல்லிட்டேண்ணே. முன்னாலயே ரேம்ப் வருது," என்றார்.

"காடிய எங்க விடுவீங்க?"

"ரோட்டோரமா."

"ஐயோ, வெயில் லா! டேஷ்போர்டு வெடிச்சிடும்." ஹைதர் உண்மையாகவே கவலைப்பட்டார். "எங்க பழைய காடியோட கவர் ஒண்ணு சும்மா கெடக்கு."

திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று சொல்ல ராமதாஸ் வாயெடுப்பதற்குள், அந்தக் கவர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஹைதர் லைலாவிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.