தலைமாட்டில் எழுதிய பெயர்

ஒரு கட்டிலைப் பார்த்துத் தனக்கு இப்படித் தூக்கிவாரிப் போடும் என்று லோயிஸ் நினைத்ததே இல்லை. அவள் பார்க்காத கட்டிலா! திருப்பதியில் ஓர் அரசு நலத்துறை அலுவலகத்தில் அவளுக்கு வேலை. மானியம் வாங்கும் இல்லங்களுக்குப் போய், கொடுத்த பணத்தில் வாங்கச் சொன்னதை வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கட்டில், மின்விசிறி, கழிப்பறைக் கைப்பிடி எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்து அங்கிருந்தே ஏற்ற வேண்டும். இடமும் நேரமும் படத்திலேயே பதிந்துவிடும். இனி யாரும் ஏமாற்ற முடியாது என்று மேலிடத்துக்கு அப்படியொரு நம்பிக்கை.

அன்று அவள் வந்திருந்தது சித்தூருக்கு வெளியே இருந்த ஒரு பெண்கள் இல்லம். வலிப்புக்காரர்கள், புத்தி வளராதவர்கள், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்கள் என்று வீட்டார் கைகழுவிய பெண்கள் முப்பது பேர் அங்கே இருந்தார்கள். நடத்துகிறவர் சாந்தகுமார். லோயிஸ் குடும்பம் போகிற கிறிஸ்தவ சபைக்கு அவர்தான் மூப்பர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பா பிலிப் செத்தபோது பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். தெரிந்தவர் இடத்துக்கு வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று அவள் மேலதிகாரி பவன்குமாரிடம் சொல்லித்தான் பார்த்தாள். ஆள் இல்லை, நீங்களே போங்கள் என்றுவிட்டார்.

போன வருஷ மானியத்தில் வாங்கிய கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. வலிப்பு வந்தால் கீழே விழாதபடி இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி வைத்த நல்ல இரும்புக் கட்டில்கள். கால்மாட்டில் அரசுத் திட்டத்தின் எண் ஒட்டியிருந்தது. ஜன்னலோரக் கட்டிலின் தலைமாட்டில் நீல பெயின்டில் எழுதியிருந்தது: 'பிலிப் நினைவாக. அன்பளிப்பு, தபிதா குடும்பத்தார்.'

அந்தச் சபையில் இது பழைய வழக்கம். செத்தவர் பெயரில் எதையாவது கொடுப்பார்கள். கொடுத்ததில் பெயர் எழுதுவார்கள். கோவில் பெஞ்சில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் ஒருவர் பெயர், அண்ணாந்து பார்த்தால் மின்விசிறியில் இன்னொருவர் பெயர். லோயிஸின் அம்மா தபிதா தன் வளையல் ஒன்றை விற்று, இல்லத்துக்கு ஒரு கட்டில் வாங்கச் சொல்லிச் சாந்தகுமாரிடம் கொடுத்திருந்தாள். நினைவு நாளன்று வந்து, அந்தப் பெயரைத் தடவிப் பார்த்து, ஜெபம் பண்ணிவிட்டுப் போனாள். அந்தக் கட்டிலுக்குத்தான் அரசாங்கமும் பணம் கொடுத்திருக்கிறது. லோயிஸுக்குக் காதெல்லாம் சூடேறியது. மற்றக் கட்டில்களைப் பார்த்தாள். பாதிக்கு மேற்பட்டவற்றில் பெயர்கள் இருந்தன, எல்லாம் தெரிந்த பெயர்கள்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். யசோதா என்று பெயர். முப்பது வயதிருக்கும், மனசுக்கு ஐந்து வயதுதான். பின்னால் திரும்பி நீல எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே, "இது யாரு?" என்று கேட்டாள்.

"எங்க நைனா" என்று லோயிஸ் வாயிலிருந்து வந்துவிட்டது. அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

யசோதாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. கையைத் தட்டி, "நம்ம நைனா!" என்றாள். அப்புறம் பக்கத்துக் கட்டில்காரியைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னாள்.

லோயிஸ் சாந்தகுமாரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனாள். "இன்னா அங்கிள் இது? எங்கம்மா வளையல வித்துக் குடுத்தாங்க. அத எடுத்துக்கினு கவர்மெண்டு கட்டில்ல பேரு எழுதி வச்சிருக்கீங்களே!"

அவர் மறைக்கப் பார்க்கவில்லை. "தப்புதாம்மா. கவர்மெண்டு கட்டிலு குடுத்திச்சி. ராத்திரியில இதுங்கள புரட்டிப் போட, வலிப்பு வந்தா புடிச்சுக்க ஆளு வோணுமே, அவங்க சம்பளம் ரெண்டு வருசமா வர்ல. எழுதி எழுதிப் பாத்துட்டேன். நம்ம சபைக்காரங்க கட்டிலுக்குன்னா குடுப்பாங்க, ஆயாம்மா சம்பளத்துக்குன்னா யாரு குடுப்பாங்க? அதுல பேரு எழுத முடியாதே. அதான் கட்டில்னு சொல்லிப் பணம் வாங்கி ஆயாம்மாங்களுக்குக் குடுத்தேன்."

"இத நான் நம்பணுமா?"

"நம்பு, நம்பாமப் போ. கால்மாட்டுக்குக் கிட்டப் போயி நின்னு போட்டோ எடும்மா. நம்பர் மட்டும் விழும். பேரு தெரியாது. இதுங்களுக்கு வேற எடம் இல்ல."

நியாயமாகப் பார்த்தால் அவள் அங்கே ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். திருடுகிறவன் திருடிய இடத்தில் ஊரார் பெயரை நீல பெயின்டில் எழுதி வைப்பானா? நினைவு நாளுக்கு வருகிறவர்கள் பெயரைத் தேடுவார்களே, மனசு நோகுமே என்று எழுதிய மனுஷன் அவர். ஆனால் அவள் கண்ணில் நின்றது அம்மாவின் வெறுங்கை. அப்பா பெயரை வைத்துப் பிழைப்பா என்ற ஆத்திரம். அந்த ஆத்திரத்துக்கு அவள் கடமை என்று பெயர் வைத்துக்கொண்டாள். அரசு வேலையில் அது ஒரு வசதி.

கால்மாட்டிலிருந்து நாலடி தள்ளிப் போய் நின்றாள். பெயர் தெரிய, எண்ணும் தெரிய, ஒவ்வொரு கட்டிலாகப் படம் எடுத்து ஏற்றினாள். யசோதா படத்துக்குச் சிரித்தாள்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சம்பளக் கோப்பு இரண்டு வருஷம் தூங்கிய அதே அலுவலகத்தில் இந்தக் கோப்பு ஓடியே போனது. ஒரே பொருளுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கியது விதிமீறல், மானியம் ரத்து, இல்லம் மூடல். சொந்தக்காரர்கள் இருந்த பெண்களை அவர்களிடமே ஒப்படைத்தார்கள். மற்றவர்களை எங்கெங்கோ ஏற்றி அனுப்பினார்கள். அரசுப் பணத்தில் வாங்கிய சொத்து என்று கட்டில்களை லாரியில் கொண்டுவந்து, வைக்க இடமில்லாமல் அலுவலகத் தாழ்வாரத்தில் அடுக்கினார்கள். மேலே கிடந்த அந்த ஜன்னலோரக் கட்டிலின் தலைமாடு லோயிஸின் இருக்கைக்கு நேராக இருந்தது. தினமும் காலையில் அப்பா பெயரைத் தாண்டித்தான் அவள் உள்ளே போக வேண்டும்.

விசாரணை முடிந்த அன்று பவன்குமார் பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகச் சொன்னார்: "பாவம் மேடம் அந்த மனுஷன். ஒரு ரூபா தின்னல. அந்தா, எல்லாமே, ஆயாம்மாக்களுக்கே குடுத்திருக்காரு. ஆனா ரூலு ரூலே கதா, இல்லியா?"

லோயிஸ் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அம்மாவிடம் சொன்னபோது அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லதுக்குத்தான் குடுத்தேன். நல்லதுக்குத்தான போயிருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சாந்தகுமார் கோவிலுக்கு வருவதை நிறுத்தியிருந்தார்.

ஒப்படைத்த பெண்கள் குடும்பத்தோடு நலமாக இருக்கிறார்களா என்று ஒரு படம் எடுத்து ஏற்றினால்தான் கோப்பை மூட முடியும். யசோதாவின் அண்ணன் கங்கையா வெதுருகுப்பத்தில் கூலி வேலைக்குப் போகிறவன். லோயிஸ் போனபோது அவன் மாட்டுக் கொட்டகையைக் காட்டினான். உள்ளே சாக்கின் மேல் யசோதா உட்கார்ந்திருந்தாள். கணுக்காலில் பழைய சேலைத் துணி சுற்றி, மறுமுனையைத் தூணில் கட்டியிருந்தார்கள். முகத்தின் இடது பாதி வெந்து, தோல் சுருங்கி, கண் பாதி மூடிக் கிடந்தது.

"அடுப்பாண்ட இருந்தாம்மா. வலிப்பு வந்து அதுலயே வுழுந்துட்டா" என்றான் கங்கையா. "நானும் என் பொண்டாட்டியும் வேலைக்குப் போனாத்தான் சோறு. கட்டலன்னா ரோட்டுக்கு ஓடிப் போறா, லாரி போற ரோடு. இன்னா பண்ணச் சொல்ற?" சொல்லும்போதே அழுதுவிட்டான்.

யசோதாவுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. வலது பக்கம் மட்டும் சிரித்தது. "நம்ம நைனா எங்க?" என்று கேட்டாள்.

அலுவலகத் தாழ்வாரத்தில் சும்மா கிடக்கிறார் என்று லோயிஸ் எப்படிச் சொல்வாள்? தடுப்புக் கம்பியெல்லாம் அப்படியே இருக்கிறது, உன்னைத்தான் பிடித்துக்கொள்ள முடியவில்லை என்றா? அந்தக் கட்டிலையாவது கொண்டுவந்து போட்டுவிடலாமே என்று தோன்றியது. திரும்பப் பெற்ற அரசுச் சொத்தைத் தனியாருக்குக் கொடுக்க விதியில்லை. அது அவளுக்கே மனப்பாடம்.

கைப்பேசியை எடுத்தாள். கங்கையா கையெடுத்துக் கும்பிட்டான். "அம்மா, காயம் தெரிஞ்சா எம்மேல கேசு போடுவாங்களாமே. நானும் உள்ள போய்ட்டா இவளுக்கு யாரு கீறாங்க? அந்தப் பக்கமா நின்னு எடும்மா."

இந்த முறை லோயிஸ் சொன்னபடியே செய்தாள். குனிந்து, யசோதாவின் காலைக் கட்டியிருந்த துணி தெரியாதபடி சாக்கை இழுத்து மூடினாள். வலது பக்கமாகப் போய் நின்றாள். அண்ணன் தங்கையின் தோளில் கை வைத்துக்கொண்டான்.

"யசோதா, இங்க பாரு" என்றாள்.

"நைனா வந்துட்டாரா?" என்று கேட்டு அவள் பாதி திரும்பினாள். படம் நன்றாகவே விழுந்திருந்தது: வலது பாதி முகமும் அதன் சிரிப்பும் மட்டும். கோப்பு அன்றைக்கே மூடப்பட்டது.