இருபத்தெட்டாம் நாள்

காலையில் சாப்பாட்டுக்கு முன் நிறை எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் அப்படித்தான் இருந்தது. றிஸ்லா தராசைச் சீமெந்துத் தரையில் வைத்து, அருளப்புவைக் கட்டிலிலிருந்து மெல்ல இறக்கினாள்.

முந்தாநாள் 61.2. நேற்று 62.1. இன்று 63.4.

இரண்டு நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே அறிவிக்கவும் என்றும் அதே தாளில் இருந்தது. அவர் கணுக்காலைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். பள்ளம் அப்படியே நின்றது.

"மூச்சு எப்படி, ஐயா?"

"குறிஞ்சிப்பிட்டியில கரைவலை இழுத்த எனக்குக் கட்டிலால இறங்க இளைக்குது, பிள்ளை."

மேற்பார்வையாளர் முனாஸ் வாசலுக்கு வெளியே நின்றார். றிஸ்லா அவரிடம் போனாள்.

"சேர், ஐயாக்கு நிறை கூடி இரிக்கி. காலும் வீக்கம். ஆம்புலன்சுக்குச் சொல்லட்டா?"

"எத்தனையாம் நாள்?"

"இருபத்தெட்டு."

"இன்னம் ரெண்டு நாள்தானே."

ஆஸ்பத்திரி தன் இருதய நோயாளிகளைப் பராமரிக்க இந்த முதியோர் இல்லத்துக்கு அனுப்பியது. வந்து முப்பது நாளுக்குள் ஒருவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனால் இல்லத்துக்கு ஒரு சிவப்புக் குறி. மூன்று விழுந்தால் ஒப்பந்தம் முடிந்தது. இரண்டு விழுந்திருந்தது. இரண்டாவது முறை ஆம்புலன்சை அழைத்தவள் மர்ளியா. வேலை போன அவளுடைய மேலங்கியைத்தான் இப்போது றிஸ்லா போட்டிருந்தாள்.

"தனிய ஏத்தாத, விழுந்திருவாரு," என்றார் முனாஸ். "ஒன்ட தோளப் புடிச்சிக்கச் சொல்லித் திருப்பி நிறு. எட்டு மணிக்கு முந்தித் தராசுப் படம் ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

அவள் திரும்பி வந்தபோது அருளப்பு தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை கிலோ வேணுமாம்?"

அவள் தராசுக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்து நின்றாள்.

"என்ர மீனை நிறுக்கேக்க முதலாளிமார் தட்டுக்குக் கீழ விரல் குடுப்பாங்கள். இது அதைவிட லேசு. வா."

அவர் ஏறினார். கை அவள் தோளில் அமர்ந்தது. 62.8. அவர் அழுத்தினார். 61.9.

"இவ்வளவு காணுமே, பிள்ளை?"

வாசலில் முனாஸின் நிழல் அசையாமல் கிடந்தது.

"இன்னங் கொஞ்சம், ஐயா."

61.4. ஒரு கையால் படம் எடுத்து அனுப்பினாள். உடனே ஆஸ்பத்திரியிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் வந்தது.

"முடிஞ்சி. இறங்குங்க."

அவர் இறங்கவில்லை. வாயைத் திறந்து, கண்களை மூடி மூச்சை இழுத்தார். தோளில் பாரம் கூடிக்கொண்டே போனது. கீழே எண்கள் குறைந்துகொண்டிருந்தன.